குடற்கிருமி வளர்தளமும் தமிழ்ச் சொல்லாட்சியும்

பெர்த்தாம் ஆறு கேமரன் மலையில் பிரிஞ்சாங், தானா ராத்தா ஆகிய ஊர்களைக் கடந்து ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் விழுகிறது. அணைக்குக் கீழேயுள்ள அவ்வாற்றின் பள்ளத்தாக்கே லெம்பா பெர்த்தாம். மேட்டில் தேயிலை, சரிவிலும் தாழ்விலும் காய்கறி, காய்கறிக்குக் கோழியெரு. 2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில், அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் இப்பள்ளத்தாக்கிற் புகுந்து உயிர்களையும் வீடுகளையும் வாரிச் சென்றது. இத்தகைய இடத்தில், குடிக்கும் நீரில் மலக்கலப்பு உண்டா இல்லையா என்னும் கேள்வி ஏட்டுச் சுரைக்காய் அன்று.

அக்கேள்விக்கு விடை சொல்வது ஒரு சிறு வட்டத் தட்டு. அத்தட்டில் உறைந்து கிடக்கும் கூழின்மேல் ஐயத்திற்குரிய நீரையோ மலத்தையோ தீற்றி, ஒருநாள் வெதுவெதுப்பில் வைத்தால், குடலில் வாழும் நுண்ணுயிர்கள் தம்மைத் தாமே காட்டிக்கொள்ளும். அக்கூழை ஆக்கும் முறை ஆங்கிலத்தில் நிரம்ப எழுதப்பட்டுள்ளது. தமிழிலும் ஓரளவு எழுதப்பட்டுள்ளது. தமிழில் எழுதியதைப் படிக்கும் ஒருவர் அக்கூழை ஆக்க இயலுமா, ஆக்கியபின் அது காட்டுவதைப் பிழையின்றி அறிய இயலுமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. தமிழாசிரியர்க்கு இதனால் என்ன என்பார் உளராயின், தோட்டத்து மக்களிடம் ஓர் அறிக்கையை விளக்கிச் சொல்லும் பொறுப்பு பெரும்பாலும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் தலையிலேயே விடிகிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முதற்கண் பெயரே இடறுகிறது. 'கல்ச்சர் மீடியம்' என்பதற்கு வளர்ப்பு ஊடகம், வளர் ஊடகம், வளர்ப்பூடகம், வளர்தளம் எனப் பல சொற்கள் வழங்குகின்றன. ஊடகம் என்பது 'ஊடு' என்பதன் அடியாகப் பிறந்தது. ஒளி காற்றினூடும் நீரினூடும் செல்லும்; ஆகலின் காற்றும் நீரும் ஒளிக்கு ஊடகம் ஆயின. இயற்பியலில் இச்சொல் குற்றமற்றது. பின்னர், செய்தி எதன் வழியே செல்கிறதோ அதுவும் ஊடகமாயிற்று. இன்று ஊடகம் என்ற அளவில் நாளிதழும் தொலைக்காட்சியுமே நினைவுக்கு வருகின்றன. கிருமியோ எதனூடும் செல்லவில்லை. அது கூழின்மேற் கிடந்து, கூழையே தின்று பெருகுகிறது. 'கல்ச்சர்' என்பதைப் பண்பாடு என்று மட்டும் அறிந்த மொழிபெயர்ப்புப் பொறிகள் இதனைக் 'கலாச்சார ஊடகம்' ஆக்கிவிடுவதும் உண்டு. கேட்பவர் வானொலியின் கலை நிகழ்ச்சி என்றே கொள்வர்!

உண்மையில் அந்த இலத்தீன் வேரின் முதற்பொருள் உழவு. பண்பாடு என்னும் தமிழ்ச் சொல்லும் நிலத்தைப் பண்படுத்துதலோடு உறவுடையதே. உழுது பண்படுத்தி விதைக்கும் இடத்திற்குப் பாத்தி, நாற்றங்கால், களம், தளம் எனத் தமிழில் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. இவற்றுள் வளர்தளம் என்பது ஏற்புடையது. ஆயின், அதற்கும் ஓர் எல்லை உண்டு: உறையாத நீர்மத்தைத் தளம் என்றல் பொருந்தாது. உறைந்ததை வளர்தளம் என்றும், உறையாததை வளர்நீர் என்றும் இரண்டாக வழங்குவதே தெளிவு. ஆங்கிலம் ஒரு சொல்லால் முடித்ததைத் தமிழும் ஒரு சொல்லால்தான் முடிக்க வேண்டும் என்னும் நியதி எங்கும் இல்லை.

அடுத்து, அக்கூழுக்கு உறையுந் தன்மை தரும் பொருளைப் பார்ப்போம். இங்குத்தான் மலையகத் தமிழர்க்கு ஒரு தனி உரிமை உண்டு. உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் 'அகார்' என்று வழங்கும் சொல் மலாய் மொழியின் 'அகார் அகார்' என்பதே. பெருநாட்களிலும் பிறந்தநாட்களிலும் தட்டிலே வெட்டி வைக்கப்படும் அதே இனிப்புத்தான். இராபர்ட் கோக் தொடக்கத்தில் கிருமிகளை வளர்க்க ஜெலட்டினைக் கொண்டு உறைய வைத்தார். உடற்சூட்டை எட்டுமுன்பே அது நெகிழ்ந்து நீராகிவிடும். சில கிருமிகள் அதனைத் தின்றே கரைத்துவிடும். 1881ஆம் ஆண்டில், வால்தர் ஹெஸ்ஸே என்னும் மருத்துவரின் துணைவியார் பேனி ஹெஸ்ஸே, தம் அடுக்களையில் பழக்கூழ் உறைய வைக்கப் பயன்படுத்திய அகாரை இதற்கும் பயன்படுத்தலாமே என்றார். சாவகத்தில் வாழ்ந்துவந்த டச்சுக்காரர் ஒருவரிடமிருந்து அவர் குடும்பம் அதனை அறிந்திருந்தது. அகார் கொதிநிலையை நெருங்கினாற்றான் உருகும். உருகியபின் 40 பாகைக்குக் கீழே இறங்கினாற்றான் உறையும். பெரும்பாலான கிருமிகளால் அதனைச் செரிக்கவும் முடியாது. கோக் 1882இல் காசநோய்க் கிருமியைப் பற்றி எழுதிய கட்டுரையில் அகாரைக் குறிப்பிட்டார். அதனைச் சொல்லிக் கொடுத்த அம்மையாரைக் குறிப்பிடவில்லை.

இச்சொல்லைத் தமிழில் எழுதுவோர் சிலர் 'அகர்' எனக் குறுக்குகின்றனர். அது பெருங்குழப்பத்திற்கு இடமாகும். அகர் என்பது தமிழில் அகிற்கட்டை. அகர்பத்தி என்னும் பெயர் அதிலிருந்து வந்ததே. மலாய்க்காரர் காஹாரு எனப் போற்றும் நறுமரம் அது. கடற்பாசிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மலாயிலும் 'அகார்' என ஒற்றையாக எழுதினால் 'பொருட்டு' எனப் பொருள்படும் வேறொரு சொல் ஆகிவிடுகிறது என்பது சுவையான செய்தி. நெடில் எழுத்தோடு அகார் என எழுதுவதே தமிழில் பாதுகாப்பு. தூய தமிழ்ச் சொல்தான் வேண்டும் என்பார்க்கும் வழி அடைபடவில்லை. தமிழ்நாட்டில் இதற்குக் கடற்பாசி என்னும் பெயர் வீட்டு வழக்கிலேயே இருக்கிறது. நோன்பு திறக்கும் வேளையில் முஸ்லிம் இல்லங்களில் வைக்கப்படும் இனிப்புக்கும் அதுவே பெயர். மண்டபம், இராமேசுவரம் கரையில் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசிகளுள் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி ஆகிய இரண்டும் அகார் தருபவை. கஞ்சிப்பாசி என்று பெயரிட்டவருக்கு அதன் பயன் தெரிந்திருக்கிறது. இவ்வளவும் கையில் இருக்க, 'உறைகூழ்மப் பொருள்' என்பது போன்ற சொற்களைப் புனைவது வீண் உழைப்பு.

இனி, தலைமையான இடத்திற்கு வரலாம். 'செலக்டிவ் மீடியம்' என்பது தேர்வு ஊடகம் என்றும், தேர்ந்தெடுக்கும் ஊடகம் என்றும் தமிழாக்கப்படுகிறது. தேர்வு என்றால் மாணவன் நினைப்பது பரீட்சையை. அது போகட்டும். தேர்ந்தெடுத்தல் என்னும் வினை அத்தளத்தில் நிகழ்கிறதா? நிகழவில்லை. அத்தளம் எதனையும் எடுப்பதில்லை. வேண்டாதவற்றை முளைக்கவொட்டாமல் தடுக்கிறது. தடையைத் தாங்கியது தானே எஞ்சி வளர்கிறது. இவ்வேறுபாடு சொல்விளையாட்டு அன்று என்பதற்கு மெக்காங்கியின் தளமே சான்று.

ஆல்பிரட் தியோடர் மெக்காங்கி 1900இல் முதற்குறிப்பு வெளியிட்டு, 1905இல் விரித்தெழுதிய தளம் இது. இன்று பெரிதும் வழங்கும் கணக்கின்படி, 1 லிட்டர் நீருக்கு இருவகைப் பெப்டோனும் சேர்ந்து 20 கிராம், பாற்சர்க்கரை 10 கிராம், உப்பு 5 கிராம், பித்த உப்பு 1.5 கிராம், அகார் 13.5 கிராம், நியூட்ரல் ரெட் என்னும் சாயம் 0.03 கிராம், கிரிஸ்டல் வயலெட் என்னும் சாயம் 0.001 கிராம். இவற்றுள் பெப்டோன் உணவு. அகார் உறைய வைப்பது. பித்த உப்பும் கிரிஸ்டல் வயலெட்டும் காவற்காரர்கள். குடலில் வாழும் கிருமி பித்தநீரிலேயே பழகியது; அதற்குப் பித்த உப்பு பகை அன்று. தோலிலும் மண்ணிலும் வாழும் பலவற்றுக்கு அது நஞ்சு. ஆகவே அவை ஒடுங்கிவிடுகின்றன. தடுத்தல் வேலை இவ்வளவோடு முடிந்தது.

பாற்சர்க்கரையும் நியூட்ரல் ரெட்டும் செய்வது முற்றும் வேறான வேலை. பாற்சர்க்கரையைப் புளிக்கவைக்கும் கிருமி புளிப்பை உண்டாக்க, சாயம் இளஞ்சிவப்பாகும். புளிக்கவைக்காத கிருமி நிறமின்றி நிற்கும். இது தடுத்தல் அன்று, வேற்றுமை காட்டல். ஒரே தளம் இரு தொழிலையும் செய்வதால், எழுதுவோர் இரண்டையும் ஒரு பெயருள் அடைத்துவிடுகின்றனர். தடுக்கும் பொருள் எது, காட்டும் பொருள் எது என்று அறியாத மாணவனிடம், நிறம் ஏன் மாறிற்று என்று கேட்டால் பித்த உப்பினால் என்பான். தடைத்தளம் என ஒன்றையும் நிறவேற்றுமைத் தளம் என மற்றொன்றையும் பிரித்துச் சொல்லி, மெக்காங்கியின் தளம் இரண்டும் ஆனது எனக் கூறினால் இக்குழப்பம் எழாது. பித்த உப்பு என்னும் ஆட்சியை மட்டும் மனமாரப் பாராட்டலாம். சித்த மருத்துவத்தின் பித்தம் வேறு, பித்தப்பையில் ஊறும் நீர் வேறு என்று ஆசிரியர் ஒரு சொல் கூறிவைத்தாற் போதும். சாயங்களின் பெயரை 'நடுநிலைச் சிவப்பு' என்றும் 'படிக ஊதா' என்றும் பெயர்த்தல் தேவையற்றது. புட்டியின் மேல் ஒட்டிய பெயரைத்தான் கடைக்காரர் அறிவார்.

மூன்றாம் வகை ஒன்றுண்டு. நோயாளியின் மலத்தில் தீய கிருமி மிகச் சிலவே இருக்கும். ஊறுசெய்யாத கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கும். சிலவற்றைப் பலவாக்கிய பின்பே தளத்தில் தீற்ற வேண்டும். லெய்ப்சன் 1936இல் கண்ட செலினைட்டு நீர் இவ்வகையினது. முதற் சில மணிநேரம் மற்றக் கிருமிகளை அமுக்கி வைத்துச் சால்மொனெல்லாவைப் பெருகவிடும். வாந்திபேதிக் கிருமிக்குக் காரமான பெப்டோன் நீர் இத்தொழிலைச் செய்கிறது. இதற்குச் 'செறிவூட்டல் ஊடகம்' என்று பெயரிட்டதால் வந்த கேடு பெரிது. குருதி முதலியன சேர்த்து உணவு மிகுவித்த தளத்திற்கும் 'செறிவூட்டிய ஊடகம்' என்றே பெயர். ஒன்று உணவால் மிக்கது. மற்றொன்று எண்ணிக்கையை மிகுவிப்பது. ஆங்கிலத்திலேயே இவ்விரண்டும் நூலிழையில் வேறுபடுபவை. தமிழிலோ அந்த நூலிழையும் அறுந்துவிட்டது. முன்னதை ஊட்டமிகு தளம் எனவும் பின்னதைப் பெருக்குநீர் எனவும் சொல்லத் தடை என்ன?

இவ்வரிசையில் தமிழர் மறக்கலாகாத பெயர்கள் இரண்டு. 1941இல் வேங்கடராமன், இராமகிருஷ்ணன் ஆகிய இருவர், வாந்திபேதி நோயாளியின் மலம் ஆய்வுக்கூடத்தை அடையும்வரை அதிலுள்ள கிருமி அழியாதிருக்க ஒரு நீர்மத்தை வகுத்து இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் எழுதினர். 1 லிட்டர் நீர், 20 கிராம் தூய்மைப்படுத்தாத கடலுப்பு, 5 கிராம் பெப்டோன், கார அளவு 8.6 முதல் 8.8 வரை. சிற்றூரில் கிடைக்கும் உப்பைக் கொண்டே செய்த எளிமை இதன் சிறப்பு. உலகம் இதனை அவ்விருவர் பெயரின் முதலெழுத்துக்களால் வி.ஆர். நீர்மம் என்று அழைக்கிறது. தமிழில் இவ்வகைக்குக் 'கடத்து ஊடகம்' என்னும் பெயரையும் காணலாம். கள்ளக்கடத்தலே நினைவுக்கு வருகிறது. வழிக்காப்பு நீர் எனின் தொழிலும் பெயரும் ஒன்றும்.

பெயர்ச்சொல் இவ்வாறாக, வினைச்சொல்லின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. "ஊடகமானது கிருமிநீக்கம் செய்யப்படுதல் வேண்டும்" என்பது போன்ற வாக்கியம் எல்லா வளர்தளத்திற்கும் பொதுவாக எழுதப்படுகிறது. மெக்காங்கியின் தளத்தை ஆட்டோகிளேவ் என்னும் ஆவியழுத்தக் கலத்தில் 121 பாகையில் 15 நிமிடம் வைத்து எடுப்பர். ஆனால் 1965இல் டெய்லர் அமைத்த எக்ஸ்.எல்.டி. தளத்தை அக்கலத்தில் வைத்தலே கூடாது. கொதிக்கும்வரை சூடாக்கிக் கரைத்து உடனே இறக்கிவிட வேண்டும். மிகுந்தால் அதிலுள்ள பித்த உப்பு படிந்து தளம் கெடும். வாந்திபேதிக் கிருமிக்குரிய டி.சி.பி.எஸ். தளமும், டைபாய்டுக் கிருமிக்கென வில்சன், பிளேர் ஆகியோர் கண்ட பிஸ்மத் சல்பைட்டுத் தளமும் அத்தகையனவே. 'கிருமிநீக்கம்' என்ற ஒரு சொல்லை நம்பி இவற்றைக் கலத்தில் ஏற்றியவர், மறுநாள் ஒன்றும் முளைக்காத தட்டைப் பார்த்து நீர் தூயது என்று எழுதிவிடக்கூடும். ஒரு வினைச்சொல்லின் பிழை ஒரு தோட்டத்தின் வயிற்றில் போய் முடியும்.

தமிழ் அடுக்களையிலோ இதற்குரிய வினைகள் கூர்மையாகவே உள்ளன. கரைத்தல் வேறு, காய்ச்சல் வேறு, கொதிக்கவிடல் வேறு, அவித்தல் வேறு, வடித்தல் வேறு. இட்டிலியை அவிப்பர், பாலைக் காய்ச்சுவர், எவரும் மாற்றிச் சொல்வதில்லை. "பொடியை நீரிற் கரைக்க, அடிபிடியாமற் கலக்கிக்கொண்டே கொதிநிலைக்குக் கொணர்க, கொதித்தவுடன் இறக்குக, ஆவிக்கலத்தில் வையற்க, கை பொறுக்கும் சூட்டிற்குச் சற்று மேலாக, 50 பாகை அளவில், தட்டில் வார்க்க, உறைந்தபின் கவிழ்த்து வைக்க" என்று எழுதினால், ஆங்கிலக் குறிப்பின் அரைப்பங்கு இடத்தில் செய்தி முழுதும் அடங்கிவிடுகிறது. கவிழ்த்து வைப்பது எதற்கெனின், மூடியில் வேர்க்கும் நீர் கூழின்மேற் சொட்டி எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடாமைக்கே. இவ்வேலை பயிற்சியுடைய ஆய்வுக்கூடத்தாரது என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். தீய குடற்கிருமியை வகுப்பறையில் வளர்த்தல் ஆகாது.

தட்டைப் படித்துப் பொருள் கொள்ளும் இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. சிவப்பு என்றாற் கேடு என எண்ணுவது மக்கள் இயல்பு. மெக்காங்கியின் தளத்திலோ, இளஞ்சிவப்பாக வளர்வது பெரும்பாலும் எல்லார் குடலிலும் வாழும் ஈ. கோலி, டைபாய்டு, சீதபேதி ஆகியவற்றின் கிருமிகள் நிறமற்றவை. 'நிறமற்ற' என்பதை வெள்ளை என்று பெயர்த்து, வெள்ளையைத் தூய்மையோடு சேர்த்து எண்ணிவிட்டால் முடிவு தலைகீழாகும். எனினும் இளஞ்சிவப்பு எல்லாம் தீங்கற்றது எனவும் சொல்ல இயலாது. மலத்தில் அது இயல்பு. குடிநீரில் அது மலக்கலப்பின் அடையாளம். மேலும், குருதிக்கழிச்சல் விளைக்கும் ஓ157 என்னும் ஈ. கோலி வகையும் பாற்சர்க்கரையைப் புளிக்கவைத்து இளஞ்சிவப்பாகவே நிற்கும். அதனைப் பிரித்தறிய, கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் மார்ச், இரத்தினம் ஆகிய இருவர் 1986இல் பாற்சர்க்கரைக்கு மாற்றாகச் சார்பிட்டாலை இட்ட தளத்தைப் பயன்படுத்தினர். அதில் அத்தீய வகை மட்டும் நிறமின்றி நிற்கும்.

தட்டில் தோன்றும் புள்ளிகளைக் 'காலனி' என்பர். குடியேற்ற நாட்டில் வாழ்ந்து விடுதலை பெற்ற மக்களுக்கு இச்சொல் வேறு பொருளை நினைவூட்டும். திட்டு என்பது போதும். மணல்திட்டு என்றாற்போல, சுற்றிலும் வேறாய்த் தனித்து எழுந்து நிற்பதை அச்சொல் நன்கு குறிக்கும்.

இக்குறைகளுக்கு வரலாறும் ஒரு காரணம். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், முதலில் தமிழ், அது கிட்டாவிடின் வடமொழி, அதுவும் இன்றேல் ஆங்கிலம் என்னும் முறையில் சொல் தேடினார். 'கெமிஸ்தம்' என நூலுக்கே பெயரிடத் தயங்கவில்லை. அவர் மாணவர்கள் அச்சொற்களைக் கையில் கத்தியோடு பயன்படுத்தினர். ஆதலால் பயனற்றவை தாமே உதிர்ந்தன. அவர் மறைந்தது 1884இல். கோக் கல்கத்தாவில் வாந்திபேதிக் கிருமியைக் கண்டதும் அவ்வாண்டின் தொடக்கத்திலேதான். கிருமியியல் தமிழுக்கு வருமுன் அத்தகைய ஆசிரியர் போய்விட்டார். பின்வந்த சொற்பட்டியல்கள் பல, தட்டைத் தொடாதவர்களால் மேசைமேல் ஆக்கப்பட்டவை என்று தோன்றும்படியே இருக்கின்றன. மலேசியாவிலோ 2003இல் அறிவியல் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டு, 2009இல் அம்முடிவு கைவிடப்பட்டு, மீண்டும் தமிழ்ப்பள்ளியில் படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பியது. அவ்விடைவெளியில் படித்தோர்க்கு நுண்ணுயிர் என்னும் சொல்லே புதிது. இடைநிலைப் பள்ளிக்குச் சென்றபின் அதே செய்தி மலாயில் வருகிறது. ஆகவே இங்குத் தமிழ்ச் சொல் மலாய்ச் சொல்லோடு பகைத்து நிற்றல் தகாது. அகார் என்பதை ஏற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முடிவாக, அறிக்கையின் இறுதி வரியைப் பார்த்தல் வேண்டும். குடிநீரில் 100 மில்லிலிட்டருக்கு ஒரு ஈ. கோலியும் தென்படலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வழிகாட்டல். அளவை நிறைவேறினால் ஆங்கில அறிக்கை 'கண்டறியப்படவில்லை' என்ற பொருளில் எழுதும். தமிழில் அது 'இல்லை' என்று சுருங்கிவிடுகிறது. தடைத்தளம் பிற கிருமியை மட்டும் தடுப்பதில்லை. குளோரினாலோ குளிராலோ நலிந்து கிடக்கும் வேண்டிய கிருமியையும் சிலபோது முளைக்கவிடாது. நலிந்தது பின்னர்த் தேறி எழுவதும் உண்டு. ஆதலின் 'இல்லை' என்பது தளம் சொல்லாத சொல். 'இத்தளத்தில், இந்நாளில், இந்நீரில் காணப்படவில்லை' என்பதே தளம் சொன்னது. லெம்பா பெர்த்தாமில் ஒரு தாய் கேட்டால், நீரைக் கொதிக்கவைப்பதை நிறுத்தலாமா கூடாதா என்பது இவ்விரு வாக்கியங்களுள் ஆசிரியர் எதனைச் சொல்கிறார் என்பதைப் பொறுத்தது.